இதுக்கு மேலயா உட்கார்ந்திருந்தேன்

1

இந்தக் கதை பிறந்தது ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து. அதுவும் என்னுடையதல்ல. வீடு மாற்ற ஒரு சின்ன வேன் வாடகைக்கு எடுக்கப் போயிருந்தேன். லாரிகளை லீஸுக்கு விடுகிற பெரிய யார்டு அது. காத்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது: "இதுக்கு மேலயா நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன்?"

எட்டிப் பார்த்தேன். ஒரு லாரியின் கேபின் முன்பக்கமாகத் தலைகுனிந்து நின்றது. அது இருந்த இடத்தில் இன்ஜின். அதன் முன்னால் வாய் பிளந்தபடி ஒரு மனிதர். அதற்குள் என் வேன் வந்துவிட்டது, போய்விட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. புளுகுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "லாரியைச் சொந்தமாக வாங்குவதா, லீஸுக்கு ஓட்டுவதா என்ற கேள்வி ஒவ்வொரு ஓட்டுநரின் வாழ்விலும் —" அடச்சே, இது வங்கியில் கையில் திணிக்கிற துண்டுத்தாள்.

இரண்டாவது: "சாலை நீண்டு கிடந்தது." கிடக்கட்டும். எந்தச் சாலைதான் நீளாமல் இருக்கிறது?

3

மூன்றாவதுதான் நின்றது. அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் சைக்கிள் போனாலும் ஹார்ன் அடிக்காமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போகிற ஆள். வயது ஐம்பத்தொன்று. நாலு வருஷமாக ஓட்டிய லாரியின் லீஸ் இன்று முடிகிறது. ஐந்து மணிக்குள் சாவியை ஆபீஸ் மேசையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். சாவியை வைத்தால் நாளைக் காலை லீஸுக்கே வேறு புது வண்டி வந்துவிடும். இது ஏலத்துக்குப் போகும்.

அவர் மனைவி தன் கட்சியைச் சொல்லிவிட்டாள்.

"லீஸ் வண்டி வழியில நின்னா ஒரு போனைப் போட்டுட்டு நீங்க பஸ் ஏறி வந்துடுவீங்க. சொந்த வண்டி நின்னா அது பக்கத்துலயே நீங்களும் நிப்பீங்க. எனக்கு வண்டி வேணாங்க. வீட்டுக்கு வர்ற புருஷன் வேணும்."

(முதல் பிரதியில் இவளை நச்சரிப்பு நாயகியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.)

"சரி, திருப்பிக் குடுத்துடலாம். காலைலயே வண்டில இருந்த சாமானெல்லாம் எடுத்து மூட்டை கட்டிட்டேன்" என்றார் நிதானம்.

அந்த வேகம்தான் அவளை உறுத்தியது. சட்டை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவர், இதற்கு மட்டும் எப்படி உடனே தலையாட்டினார்? அதனால் மெக்கானிக்கான தன் அண்ணனை யார்டுக்கு அழைத்து வந்தாள். வண்டியில் ஏதாவது ஒரு கோளாறைக் காட்டிவிட்டால் மனுஷன் மனசாரச் சாவியைக் கொடுத்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

4

[அழிக்கப்பட்டது. இங்கே மழை பெய்தது. நல்ல மழைதான். கதைக்கு அதனால் நயா பைசா பிரயோஜனமில்லை.]

5

யார்டு ஆளிடம் அனுமதி கேட்டுவிட்டு, கேபினைத் தூக்குகிற பம்பில் கம்பியைச் செருகினார் அண்ணன்.

"உள்ள எல்லாம் காலிதானே மாப்ள?"

"காலிதான்."

கம்பியை ஏற்றி இறக்கி அடிக்க அடிக்க கேபின் மெல்ல எழுந்தது. பாதி சாய்ந்ததும் உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். தலையணை, போர்வை, கெட்டில், செருப்பு, ஃப்ளாஸ்க், அவள் கொடுத்தனுப்பிய டப்பாக்கள் எல்லாம் உருண்டு வந்து முன்கண்ணாடியில் குவிந்தன. ஒரு சாமான்கூட இறங்கியிருக்கவில்லை.

சொந்த வண்டிக்காரன் கனவில்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். கேபினைத் தூக்குமுன் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு அரிச்சுவடி. ஆனால் லீஸ் வண்டியை யார்டு ஆட்கள்தான் தூக்குவார்கள், ஓட்டுநர் தொடக்கூடாது. எண்ணெயும் தண்ணீரும் பார்க்க முன்னால் ஒரு சின்ன மூடி, அவ்வளவுதான் அவர் உரிமை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் நிதானம் காத்திருப்பு அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர். பொய் இப்படிக் குப்புறக் கொட்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"மூட்டை கட்டிட்டேன்னீங்க" என்றாள்.

[இங்கே அவரை அழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் காதில் அவள் குரல் விழவேயில்லை.]

அவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாடி, ஆள் உயர இரும்பு. சற்று முன்புவரை ஓடிய சூட்டில் எங்கேயோ டிக், டிக் என்று அடங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ குழாய்கள், ஒன்றை ஒன்று உரசாமல், இடம் விட்டு வளைந்து போயிருந்தன. ஒவ்வொரு நட்டின் மேலும் முறுக்கியவன் இட்ட மஞ்சள் கோடு. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு ஒழுங்கு. எழுதும்போது எனக்கே சிலிர்க்கிறது. இத்தனையும் சீட்டுக்கு அடியில் கிடந்து வேலை செய்ய, அவர் மேலே உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அண்ணன் டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்தார். "இன்ஜின் தங்கம் மாப்ள. ஆனா ரெண்டு வருஷத்துல கிளட்ச் செலவு வைக்கும். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

அவள் கிட்டே வந்தாள். இரும்பின் ஓரத்தில் விரலை வைத்து, சூடு பட்டதும் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்கள வீட்டுக்குக் கொண்டாந்து சேர்த்தது இதுதானா?"

(இதை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகச் சொன்னாள்.)

6

முடிவு அ: சாவியை வைக்கிறார். புது வண்டி. சொன்ன நாளில் வீட்டுக்கு வருகிறார். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் — இல்லை, இனிமேல் அது முடியாது. பார்த்துவிட்டாரே.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறார். இரண்டு வருஷம் கழித்து ஏதோ ஒரு பாலத்தடியில் கிளட்ச் போகிறது. அவள் சொன்ன மாதிரியே அதன் பக்கத்தில் நிற்கிறார். வீட்டில் அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு —

இரண்டும் நிஜம். அதுதான் தொல்லை.

மணி நாலே முக்கால். எந்த முடிவானாலும் முதலில் கேபினை இறக்கியாக வேண்டும். அண்ணன் கம்பியை நீட்டுகிறார். நிதானம் வாங்கவில்லை. அவளும் வாங்கவில்லை. எனக்கும் கை வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். பார்த்து, மெதுவாக இறக்குங்கள். உள்ளே ஃப்ளாஸ்க் இருக்கிறது.