இடது ஓரத்து இலை

“பிரிச்சிடுங்கக்கா. முதல் வரிசை வரைக்கும்.”

கடைக்காரியின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. நர்ஸ் நூலைச் சுற்றப் போன விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். யாரைப் பார்த்துச் சொன்னதோ அந்த டிரைவரக்கா மட்டும் நிமிரவில்லை. மடியில் கிடந்த பச்சைச் சால்வையை ஒரு தடவை நீவிவிட்டு அடுத்த பின்னல் கண்ணியை ஊசியில் எடுத்தாள்.

அந்த அறையில் எதை வேண்டுமானாலும் பேசலாம். மாமியாரைத் திட்டலாம். மேலதிகாரியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சபிக்கலாம். அடுத்தவள் பின்னிய காலுறையைத் தூக்கிப் பிடித்து, இது மனுஷக் காலுக்கா யானைக் காலுக்கா என்று கேட்கலாம். ‘பிரி’ என்று மட்டும் யாரும் யாரையும் சொல்லக் கூடாது. பின்னல் தப்பாகப் போனால் அதற்கு ஆயிரம் யோசனை உண்டு. இழுத்து விட்டால் சரியாகிவிடும். நனைத்துக் காயப்போட்டால் படிந்துவிடும். போர்த்திக்கொண்ட பிறகு யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள். இப்படித்தான் சொல்ல வேண்டும். அது கடைக்காரி போட்ட சட்டம். துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் தைத்துக் கொடுக்கும் அந்தக் கடை அவளுடையது, பின்னறையும் அவளுடையது. சனிக்கிழமை மூன்று மணியானால் முன்கதவைச் சாத்திவிட்டு, வெட்டும் மேசையிலிருந்து பேண்ட்டுகளை ஒதுக்கி, நாலு பேருக்கு இடம் பண்ணிக் கொடுப்பவளும் அவள்தான்.

“ஏண்டி பட்டதாரி, இங்கத்துச் சட்டம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்றே?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. இந்த அறையில் அது செல்லாது. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான் என்பதால் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஆறு மாடியையும் கூட்டித் துடைக்கிறவள். பட்டதாரிக்குத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. பாட்டில் பாட்டிலாக வந்து இறங்கும் குழாய்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அங்கே உள்ளதை உள்ளபடி எழுதினால் யாருக்கும் பிடிக்காது. வீட்டில் பேசினால் யாருக்கும் பிடிக்காது.

அந்தப் பட்டத்தில் பாதி டிரைவரக்காவுக்குச் சேர வேண்டியது. கல்லூரிப் பக்கம் போகும் காலை ஏழு மணி பஸ் அவள் ஓட்டுவது. அம்மா வேலைக்குப் போனபின் வீட்டை ஒதுக்கிவிட்டு, தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் பட்டதாரியால் கிளம்ப முடியும். அவள் தெருமுனையில் திரும்பும்போது வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே ஆட்கள் கத்துவார்கள். “என்ஜின் சூடாயிருக்கு, ஆறணும்” என்பாள் டிரைவரக்கா. காலை ஏழு மணிக்கு எந்த என்ஜின் சூடாகும் என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை. மூன்று வருஷம், தினம் இரண்டு நிமிஷம். ஏறியதும் கண்ணாடி வழியாக ஒரு பார்வை. “ஓடி வந்தியா, பறந்து வந்தியா?” அவ்வளவுதான் பேச்சு. வேலை கிடைத்த பிறகு இந்த அறைக்கு அழைத்து வந்தவளும் அவளே. “உன் கோவத்துக்கு ரெண்டு ஊசி இருந்தா நல்லது. ஆளைக் குத்தாம நூலைக் குத்து.”

“இவ்வளவு அழகா வந்திருக்கு, இதைப் போய்ப் பிரிக்கச் சொல்றியே” என்றாள் நர்ஸ். குரலில் பஞ்சு வைத்துப் பேசுகிறவள். ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைகளிடம் பேசிப் பழகிய குரல். “ஓரத்துல லேசா இழுக்குது. நனைச்சுப் போட்டா...”

“நனைச்சா இல்லாத இலை முளைச்சிடுமா சிஸ்டர்?”

சால்வை முழுக்க இலைகள். குறுக்கே ஐந்து இலை, அப்படியே கீழிருந்து மேலாக ஏறும். எந்தக் கண்ணியில் ஓட்டை விட வேண்டும், எந்த இரண்டைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டம் போட்ட ஒரு தாளில் குறித்திருக்கும். அதை வலமிருந்து இடமாக வாசித்துக்கொண்டே பின்ன வேண்டும். திரும்பி வரும் வரிசைக்குத் தாள் வேண்டாம், வெறும் பின்னல். ஓட்டுநர் இருக்கைப் பக்கத்து ஜன்னல் மூடாது, குளிர் தோளில் ஏறுகிறது என்று தனக்காகவே இதை ஆரம்பித்திருந்தாள் டிரைவரக்கா. வண்டிக்குக் கொண்டு போனால் கிரீஸ் ஒட்டும் என்று வாரம் முழுக்கக் கடை அலமாரியில்தான் வைத்திருப்பாள்.

போன சனிக்கிழமை அவள் போன பிறகு, கடைக்காரி அதை ஒரு பையில் போட்டுப் பட்டதாரியிடம் நீட்டினாள். “ஓரத்துல ரெண்டு மூணு இலை விட்டிருக்கா. எனக்குக் கல்யாண உடுப்பு ஆர்டர், சிஸ்டருக்கு ராத்திரி டியூட்டி. அந்தக் கண்ணிகளை மட்டும் கீழே இறக்கி, கொக்கி ஊசியால ஏத்திக் கொண்டாந்துடு. அவகிட்ட மூச்சு விடாதே, சங்கடப்படுவா.” எத்தனை வாரமாக இது நடக்கிறது என்று பட்டதாரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் தரையில் விரித்துப் பார்த்தாள். அன்றைக்கு அக்கா பின்னியவற்றில் தாளைப் பார்த்துப் பின்னும் வரிசைகள் பதினான்கு. பதினான்கிலும் தவறு. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. நடுவில் இல்லை. எல்லாமே தாளின் இடது ஓரத்துக் கடைசி ஆறு கட்டங்கள். அந்த ஆறு கட்டமே தாளில் இல்லாததுபோல் வெறும் பின்னலாகப் பின்னிவிட்டுத் திரும்பியிருந்தாள். கவனக்குறைவுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஒரே குழாயின் தண்ணீர் பதினான்கு நாளும் ஒரே மாதிரி வந்தால், பட்டதாரி பாட்டிலைச் சந்தேகப்பட மாட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அக்கா தட்டிவிடும் டீ தம்ளர் எப்போதும் இடது கைப் பக்கத்துத் தம்ளர்தான். வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை உடைந்தது. “கம்பம் நடு ரோட்டுக்கு வந்து நின்னா நான் என்ன பண்றது” என்று அக்கா சொல்ல, நாலு பேரும் சிரித்தார்கள். பட்டதாரியும்தான் சிரித்தாள்.

இன்றைக்குச் சால்வையைத் திருத்தாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, அவள் ஒரு காரியம் செய்தாள். பிஸ்கட் தட்டை எடுத்து டிரைவரக்காவின் இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அக்கா மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அதுக்குள்ள தீத்துட்டீங்களா? எனக்கு ஒண்ணாவது வெச்சிருக்கலாம்.”

நர்ஸ் எழுந்து வந்து தட்டை வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பட்டதாரி வாயைத் திறந்தது.

“சிஸ்டர், உங்களுக்குத் தெரியும்” என்றாள் இப்போது.

நர்ஸ் நூல் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அவளை ஏன் கேக்கிறே. என்னைக் கேளு” என்றாள் டிரைவரக்கா. கை நிற்கவில்லை. “நான் விட்ட இலை மறு வாரம் முளைச்சு நிக்கும். யாரு உரம் போடறாங்கன்னு தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. எட்டு மாசமாச்சு. மண்டைக்குப் பின்னால சின்னதா ஒரு அடைப்பு. கண்ணு நல்லாத்தான் இருக்காம். இடது பாதி மட்டும் வந்து சேர்றதில்லையாம். சிஸ்டர்தான் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்தா.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“டாக்டருங்க என்ன சொல்வாங்க. ஓட்டாதேன்னு சொன்னார்.”

எட்டு மாசம். அந்தக் கணக்கு பட்டதாரிக்குள் எங்கேயோ போய் இடித்தது. அவள் இங்கே சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவள் கழுத்துத் துண்டை நான்கு தடவை பிரித்திருக்கிறாள். ‘பிரி, பிரி’ என்று மேசையைத் தட்டிப் பாட்டுப் பாடியவளே கடைக்காரிதான். சட்டம் பிறகுதான் வந்தது, டிரைவரக்கா பத்து நாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வந்த சனிக்கிழமை. தன்மேல் இரக்கப்பட்டுத்தான் போட்டார்கள் என்று பட்டதாரி அன்றைக்கு உருகிப்போனாள். இந்த உலகத்தில் தன்னைப் பார்த்து ‘மறுபடி செய்’ என்று சொல்லாத ஓர் இடம் என்று அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

“அந்தச் சட்டம் இதுக்குத்தானா?” என்று கடைக்காரியிடம் கேட்டாள்.

“வேற எதுக்கு? பிரிக்கச் சொன்னா, ஏன் தப்பாச்சுன்னு யாராவது எண்ண ஆரம்பிப்பாங்க.”

“யாராவதுன்னா?”

“நீதான்” என்றாள் கடைக்காரி. “உன்கிட்ட சொன்னா நீ விட மாட்டேன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.”

“டிப்போவுல கண்ணு பார்க்கிறாங்களே?”

“எழுத்து வாசிக்கச் சொல்வாங்க” என்றாள் டிரைவரக்கா. “இருபத்திரண்டு வருஷமா அதே அட்டை. எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.” பழைய சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்து, தங்காமல் போனது. “ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம். தெரிஞ்ச ரூட்டு. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கறேன். எழுதிக் கொடுத்தா அன்னைக்கே இறக்கி விட்ருவாங்க. குவார்ட்டர்ஸும் போகும். படுத்த படுக்கையா கிடக்கிற வீட்டுக்காரரைத் தூக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கட்டும்?”

பட்டதாரி ஒரு வாரமாகத் தேடியும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. வேறு வேலை கொடுப்பார்களா என்று டிப்போவில் பேர் சொல்லாமல், யாரோ ஒருத்திக்குக் கேட்பதுபோல விசாரித்துப் பார்த்தாள். அங்கிருந்த எழுத்தர் சிரித்தார்.

“காலை வண்டியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏறுதுக்கா. இடது பக்கம் சைக்கிள் வரும். குழந்தையைத் தூக்கிட்டு ஒருத்தி ரோட்டுல இறங்குவா.”

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றாள் நர்ஸ் மெதுவாக.

“கண்ணாடி ரெண்டு தடவை ஆச்சு சிஸ்டர். அந்த உயரத்துல ஆளோட தலையும் இருக்கும்.”

கடைக்காரி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். “போதும். மூணு வருஷம் யாரால நீ படிச்சே? கொஞ்சமாவது நன்றி வேணாமா?”

“அதை ஏன் இழுக்கிறே” என்று டிரைவரக்கா அவளை அடக்கினாள். பிறகு முதல் தடவையாக ஊசிகளை மடியில் போட்டுவிட்டு, கழுத்தை நன்றாகத் திருப்பிப் பட்டதாரியைப் பார்த்தாள். ஒருத்தியைப் பார்க்க அவள் கழுத்து எவ்வளவு தூரம் திரும்ப வேண்டியிருக்கிறது என்று பட்டதாரி பார்த்தாள்.

“பாப்பா. அன்னைக்கு உனக்காக ரெண்டு நிமிஷம் நின்னேன். இப்ப எனக்காக நீ நில்லு. பதினாலு மாசம்.”

அழுதுவிடுவோமோ என்று பட்டதாரிக்குப் பயமாக இருந்தது. அழுதால் நர்ஸ் வந்து தலையைத் தடவுவாள். கடைக்காரி டீ ஊற்றுவாள். அப்புறம் அவளும் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“நீங்க எனக்காக நின்னப்ப பஸ்ஸும் நின்னுட்டிருந்துச்சுக்கா” என்றாள். “இப்ப அது ஓடுது.”

இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டே டிக் டிக் என்றது.

“நீங்களே போய்ச் சொல்லிடுங்கக்கா. நான் கூட வர்றேன். திங்கக்கிழமை வண்டி எடுக்காதீங்க.”

டிரைவரக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி ஊசிகளை எடுத்து, வரிசையைத் தொடர்ந்தாள். ஒரு விரல் தாளில், ஒரு கண் நூலில். முதல் இலை வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் வந்தது. அவள் கை அப்படி. கடைசி ஆறு கட்டத்துக்கு முன்னால் விரல் தாளை விட்டது. மீதியை வெறும் பின்னலாக ஓட்டிவிட்டு, சால்வையைத் திருப்பினாள். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முடிஞ்சுதாக்கா வரிசை?” என்று பட்டதாரி கேட்டாள்.

“முடிஞ்சுது.”

பட்டதாரி தன் ஊசிகளையும் பாதியில் நின்ற கழுத்துத் துண்டையும் மேசையில் அப்படியே விட்டாள். பையை மட்டும் எடுத்தாள். உள்ளே மடித்த ஒரு தாள் இருந்தது. மதியம் சோதனைக்கூடத்தில், பாட்டில்களுக்கு நடுவே, அனுப்புநர் பெறுநர் எல்லாம் முறைப்படி போட்டு நான்கே வரியில் டிப்போ மேலாளருக்கு எழுதியது. அவள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். அந்தக் கைக்கு நான்கு வரி ஒரு பொருட்டல்ல. ஆனாலும் ஒரு மணி நேரம் பிடித்தது. டிப்போ அலுவலகம் சனிக்கிழமை ஐந்து வரை. நடந்தால் கால் மணி நேரம். சுவர்க் கடிகாரம் நாலு இருபது காட்டியது.

“இந்தப் படியேறி இனிமே வராதே” என்றாள் கடைக்காரி.

“வர மாட்டேன்.”

கதவுக்குப் போக மேசையின் இரண்டு பக்கமும் வழி இருந்தது. அக்காவின் இடது பக்கம் குறுக்கு, நாலே எட்டு. அந்தப் பக்கமாகப் போனால் அக்காவுக்கு அவள் போவது தெரியாது. பட்டதாரி வலது பக்கம் திரும்பினாள். தொங்கிக்கொண்டிருந்த பேண்ட்டுகளை ஒதுக்கிக்கொண்டு, தையல் இயந்திரத்தைச் சுற்றி, டிரைவரக்காவின் கண்ணுக்கு நேராக நடந்து கதவைத் திறந்தாள்.

அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை.