சிப்பித்திட்டுக் கூடைகள்

7-11-1958, வெள்ளி.
இன்றைய தவறு: காலையில் சிப்பித்திட்டிலிருந்து வந்த கருவாட்டுக் கூடைகளைக் கிடங்கின் வடக்குச் சுவரோரம் அடுக்கிவிட்டேன். அது ஈரச்சுவர். கவனக்குறைவு.

எழுதிவிட்டு சூசைமாணிக்கம் பேனாவை மூடினான். திண்டுக்கல்லில் மாலை வகுப்பு நடத்திய வாத்தியார், நாட்குறிப்பின் முதல் வரி அன்றைய தவறாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் அந்த ஒரு வரிக்காக அவன் மண்டையைக் குடைந்துகொள்வான். செய்தது தவறுதானா, தவறென்றால் எவ்வளவு பெரிய தவறு என்று அடித்து அடித்து எழுதுவான். இன்று ஒரே மூச்சில் வந்துவிட்டது. பொய் என்பதால் இருக்கலாம்.

கவனக்குறைவெல்லாம் இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் நூர் அகமது பாயின் கிடங்கில் சரக்கு அடுக்குவதுதான் அவன் வேலை. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஊறப்போடும் தொட்டிகள். ஐப்பசி மழை வேறு. அந்தச் சுவரில் சாய்ந்த கருவாடு மறுநாளே உப்பு கசிந்து பிசுபிசுக்கும். அப்படியே விட்டால் புழு வைக்கும். தெரிந்தேதான் வைத்தான். கூடைகளோடு வந்து இறங்கியது ஊர்த் தோணிக்காரன் மூக்கையா.

"ஏலே, நம்ம சூசையா? மீசையெல்லாம் வச்சு ஆளே மாறிட்டியேப்பு!" என்று அந்த ஆள் தோளைத் தட்டினான். "சந்தை வரைக்கும் இதுக இங்கன கெடக்கட்டும். ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். நான் போயிச் செத்த நேரம் படுக்கணும், லாரியில முதுகு ஒடிஞ்சு போச்சு."

"வச்சிட்டுப் போங்க" என்றான் சூசை. ஊரில் இருந்தவரை வாய்நிறையச் சித்தப்பு என்று கூப்பிட்ட ஆளை, எந்த முறை சொல்லியும் கூப்பிட இப்போது நாக்கு எழவில்லை.

சிப்பித்திட்டு, ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு மணல்மேடு. மீன்பிடிக்கிற குடும்பங்கள் மட்டும்தான். ஊருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே உப்பங்கழி. ஆளை இழுக்கும் நீரோட்டம், நீந்திக் கடக்க முடியாது. மூக்கையாவின் தோணி ஒன்றுதான் வழி, அது கிடப்பதோ எதிர்க்கரையில். திட்டிலிருந்து போக வேண்டியவர்கள் மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டித் தூக்குவார்கள். தோணி சாவகாசமாக வரும். சிவப்புத் துணி ஏறினால் யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். தோணிக்காரன் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு வர வேண்டும். அது ஊர்க்கட்டு.

அக்கா ஆரோக்கியத்துக்குப் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுகொண்ட அன்று, ஆண்கள் எல்லோரும் கட்டுமரங்களோடு கடலுக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த சூசைதான் எழுந்துபோய்ச் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலைப் பிடித்து நின்றான். எதிர்க்கரைப் பனைநிழலில் மூக்கையாவின் வெள்ளைத் தலைப்பாகை நன்றாகவே தெரிந்தது. அது அசையவில்லை. வெயில் சாய்ந்த பிறகு தோணி வந்தது. அக்காவை அதில் ஏற்றத் தேவை இருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடையடைக்கும் நேரம், பாய் தொழுகைக்குப் போயிருந்தார். தான் செய்து வைத்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சூசை கிடங்குக்குள் போனான். கூடைகளின் அடியில் உப்புநீர் கோத்திருந்தது. வாடை மாறத் தொடங்கியிருந்தது. சந்தோஷமாக இருந்தது; எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அடிக்கூடையை அழுத்திப் பார்க்கக் குனிந்தபோதுதான் அதன் வாய்க்கட்டு கண்ணில் பட்டது.

நீல நூல்.

திட்டில் ஒவ்வொரு வீடும் தன் வலைநூலைத் தனக்கென்று உள்ள சாயத்தில் தோய்த்து, அதில்தான் கூடைவாயைக் கட்டும். நீலம் அவன் ஆத்தாவுடையது. அடுத்த கூடையில் காவி, அக்காவைக் கட்டிய மச்சான் வீடு. அதற்கடுத்தது பச்சை. மூக்கையாவுக்கு வலையே கிடையாது. நேற்று அத்தனை கூடைகளையும் தூக்கிச் சுமந்தவன் இவன்தான். முகத்தைப் பார்த்தவன் முடிச்சைப் பார்க்கவில்லை. திட்டில் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

"என்னப்பு, இருட்டுல நோண்டிக்கிட்டு நிக்கிற?" வாசலில் மூக்கையா.

சூசை நிமிர்ந்து, ஈரம் தெரியாதபடி கூடைகளை மறைத்து நின்றான். "இதெல்லாம் யார் சரக்கு?"

"ஊருச் சரக்குதான். புரட்டாசிக் காத்துல பாதிக் கட்டுமரம் நொறுங்கிப் போச்சு, ஒனக்குத் தெரியாதா? ஆம்பளைக அம்புட்டுப் பேரும் மரம் கட்டிக்கிட்டுக் கெடக்காக. நீ வித்துட்டு வான்னு என்னய ஏத்திவிட்டாக. ஒங்காத்தா கூடையும் இருக்கு. மழைமாசம் பூராம் அதுக்கு இதான் கஞ்சி."

"உங்க கூடை?"

"கயிறு கட்டுனது, ஒண்ணே ஒண்ணு. எனக்கும் அதான் கஞ்சி."

சூசை கேட்டுவிட்டான். "அன்னைக்குச் சிவப்புத் துணி தெரிஞ்சுச்சா?"

மூக்கையா சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "தெரிஞ்சுச்சு. ஒம் மச்சான் எந் துறையில அவன் மரத்துல ஆளை ஏத்தி எறக்குனான்ல? கொஞ்சம் தவிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். அந்தப் புள்ள போயிரும்னு கண்டேனா? எம்புட்டுக் காலம் ஆச்சு, அதப் போயி இப்ப..."

"நீங்க போய்ப் படுங்க."

மூக்கையா போன பிறகு பாய் வந்தார். சூசை சுவரைக் காட்டி நடந்ததைச் சொன்னான். மூக்கையாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஏம்ப்பா, ஒனக்குத் தெரியாத சுவரா இது?" பாய் கூடையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "நாளைக்கு வெயிலடிச்சா மாடியில பரத்து. பொழைச்சுக்கிரும்."

அறைக்கு வந்து சூசை நாட்குறிப்பைத் திறந்தான்.

8-11-1958, சனி.
இன்றைய தவறு: நேற்று எழுதியது பொய். வேண்டுமென்றே வைத்தேன். கூடைகள் யாருடையவை என்று பார்க்காமல் வைத்ததுதான் தவறு.

அது மட்டும்தானா தவறு என்று யோசித்தான். கடைசி வரியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனான். அடிக்காமல், அதன் கீழே எழுதினான்.

நாளைய வேலை: விடிந்ததும் நூல் கட்டிய கூடைகளை மாடிக்கு ஏற்றி, உப்பை உதறி, ஓலைப்பாயில் பரப்ப வேண்டும். ஞாயிறு பூசைக்கு அதற்குப் பிறகு போகலாம். கயிறு கட்டிய கூடையைத் தொடக் கூடாது.