முப்பத்தோராவது காட்சி

வெள்ளிக்கிழமை மதியம், நீதிமன்றத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சகாயராணி டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. ஏழு மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த போன். பேசியவர் இயக்குநர் பரணி. ஒரு படம் எடுத்து முடித்து, அடுத்ததற்குக் கதை தேடிக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க அனுப்பின திரைக்கதையைப் படிச்சேன். கதை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"கதையை மட்டும் எங்களுக்குக் குடுத்துருங்க. திரைக்கதை எழுத எங்ககிட்ட ஆள் இருக்கு. கதைன்னு உங்க பேர் வந்துரும். திங்கக்கிழமை கூப்பிடுறேன், யோசிச்சு வைங்க."

"சரிங்க சார்" என்றாள். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று தோன்றியது. சோற்றைத் தொடாமல் டிபன் பாக்ஸை மூடினாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாக நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி பேசுவதை நீதிபதி சுருக்கிச் சொல்லச் சொல்ல, அடிப்பது அவள் வேலை. ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரு பெண், பதில் சொல்லும் முன் தண்ணீர் கேட்டாள். குடித்த பிறகும் டம்ளரைத் திருப்பித் தராமல் இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆமா, பாத்தேன்" என்றாள். 'சம்பவத்தை நான் நேரில் பார்த்தேன்' என்று பதிவானது. தண்ணீர் கேட்டது அதில் இல்லை. என்ன வழக்கு என்பது சகாயராணிக்கு மறந்துவிட்டது. அந்தக் கை மறக்கவில்லை. பதிவில் வராததையெல்லாம் எங்காவது எழுத வேண்டும் என்றுதான் திரைக்கதை எழுத உட்கார்ந்தாள்.

கதையை அவளே கட்டினாள். பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போவதை ஒருத்தி பார்த்துவிடுகிறாள். கோர்ட்டில் உள்ளதைச் சொல்கிறாள். அன்று சாயங்காலம் அவளும் அந்தப் பையனின் தாயும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும்.

சென்னை போன் விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவர் ஆரோக்கியதாஸ் கைதட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"நம்ம பேரு தியேட்டர்ல வரப்போகுது! இதுக்குப் போயி மூஞ்சிய ஏன் இப்டி வச்சிருக்க?"

"தெரியலங்க."

"செத்த நேரம் உக்காரு ராணி. எம்புட்டு நேரந்தான் நடப்ப?"

உட்கார முடியவில்லை. சனிக்கிழமை காலையில், மடித்து வைத்திருந்த துணிகளைக் கலைத்து மறுபடி மடித்தாள். பிறகு, கொடுத்துவிடப் போகிறோமே, கடைசியாக ஒரு தடவை படிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். முப்பத்தோராவது காட்சி வந்ததும் கூச்சமாக இருந்தது. அதுதான் பஸ் காட்சி. இரண்டு பெண்களும் மூன்று பக்கத்துக்குப் பேசி அழுதார்கள். இப்படியா பேசுவார்கள்? இனி அது வேறொருவர் பாடு, நமக்கென்ன என்று மூடினாள். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தாள். ஒரு வசனத்தை எடுத்தாள். அதற்கு வந்த பதில் அந்தரத்தில் நின்றது. அதையும் எடுத்தாள். கடைசியில் யாரும் எதுவும் பேசவில்லை. அப்படியானால் என்னதான் செய்வார்கள்? யார் உட்கார்ந்திருப்பது, யார் நிற்பது?

மதியச் சோறு முடிந்ததும் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"பஸ்ஸுல."

"பஸ்ஸுல எங்க?"

"சும்மா பஸ்ஸுல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பஸ் நிலையத்தில் வத்தலக்குண்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி, செம்பட்டிக்கு டிக்கெட் வாங்கினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டுவதற்குள் கூட்டம் நெருக்கியது. தலைகளையும் கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வெயிலில் வீணாக வந்தோமோ என்று எரிச்சல்கூட வந்தது. அப்போது நின்றுகொண்டிருந்த ஒரு பெண், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த கட்டைப்பையை இவள் மடியில் வைத்தாள்.

"இதச் செத்த புடி தாயி. கை கடுக்குது."

ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சகாயராணி பையை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் உறைத்தது. நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வார். பஸ்ஸில் அதற்கு உறவும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம். பகையாக இருந்தால்?

சாட்சி சொன்னவள் உட்கார்ந்திருக்கிறாள். பையனின் தாய் கனத்த பையோடு பக்கத்தில் நிற்கிறாள். இவள் கையை நீட்டுகிறாள். அவள் தரவில்லை. பஸ் வளைவில் திரும்புகிறது. அவள் தடுமாறுகிறாள். நீட்டிய கை இன்னும் மடங்காமலே இருக்கிறது.

செம்பட்டியில் இறங்கி, ஒரு டீக்கடை ஓரமாக நின்று போனில் எழுதினாள். வாங்கிய டீயில் ஆடை படிந்தது. ஒரு வரி எழுதினால் அதற்கு முந்தைய வரி தேவையில்லாமல் போனது, அழித்தாள். அழிக்க அழிக்க அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. தன்னையறியாமல் சிரித்தாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஏழு மாதம் அந்தப் போனுக்காகக் காத்திருந்ததில் ஒரு நாள்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கணவர் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பரணி சொன்னபடி கூப்பிட்டார்.

"சார், காட்சிகளை நான்தான் எழுதணும்" என்றாள்.

"மேடம், முதல் தடவையிலேயே இப்படிக் கேட்டா..."

"கதை என்னங்க சார், ரெண்டு வரி. எழுதுறதுதான் எனக்கு வேணும். அதக் குடுத்துட்டு வெறும் பேர வச்சு நான் என்ன செய்ய?"

"புதுசா ஏதாவது எழுதியிருந்தா அனுப்புங்க. பாக்கிறேன். வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

அன்றே அனுப்பினாள். பத்து நாள் கழித்து, 'வேறு கதையில் இறங்குகிறோம், மன்னிக்கவும்' என்று செய்தி வந்தது. அன்று அவள் அடித்த சாட்சியத்தில் நான்கு பிழைகள்.

"அன்னைக்கே கதையக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல" என்றார் ஆரோக்கியதாஸ். அவள் சனிக்கிழமை வரை லேப்டாப்பைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் சமையலறையில் இரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். அவரைக் கூப்பிட்டு, பஸ் காட்சியைச் சொல்லி, கறிக்காய்ப் பையைக் கையில் கொடுத்தாள்.

"நீங்க அந்தப் பையனோட அம்மா. நில்லுங்க."

"ஏய், எனக்கு மீசை இருக்குடி."

"இருக்கட்டும். பஸ் ஆடுது, ஆடுங்க."

சிரித்துக்கொண்டே ஆடினார். அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். முதலில் தரவில்லை. மறுபடி ஆடியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை அவள் மடியில் வைத்தார். அவர் சிரிப்பு நின்றிருந்தது. ஊர் வந்துவிட்டது என்று அவள் சொன்னதும், வாசல் வரை போய்விட்டார்.

"பைய மறந்துட்டீங்க!"

"மறக்கல. எங்கையால திருப்பி வாங்க மாட்டேன். அவளே எடுத்துக்கிட்டு எம்பின்னால வரட்டும்."

சகாயராணி அவரையே பார்த்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. சட்டென்று எழுந்து லேப்டாப்பைத் திறந்து, நின்றபடியே அடிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப அவ பைய எடுத்துக்கிட்டு வருவாளா? வாசல்ல வச்சிட்டுப் போயிருவாளா, உள்ள வருவாளா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலங்க. நீங்க அங்கயே நில்லுங்க, நகராதீங்க."