தீட்டு வீட்டுத் தவணை

சாவு வீட்டுப் பணத்தைத் தொட மாட்டேன் என்று சொன்ன அதே வாய்தான், விஜயகலா தவணை கட்டவில்லை என்று கடன் கொடுத்த கம்பனிக்கும் சொல்லியிருந்தது.

அவள் கணவன் சந்தனத்தைப் புதைத்த மூன்றாம் நாள், மகளிர் குழுவின் வாராந்தக் கடன் கூட்டத்துக்குக் கம்பனியின் வசூல்காரன் யோகராஜ் தெரணியகலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். அவள் தவணையை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தீட்டு வீடுக்கா. கருமாதி முடியட்டும், சேத்துக் கட்டலாம்."

பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த கிறிஸ்தவப் பெண் மேர்சி, "வேதக்காரங்களுக்குத் தீட்டு கெடையாது, என் கையால வாங்கிக்கங்க" என்று சொல்லியும் அவன் கேட்கவில்லை. அடுத்த கிழமையும் அதையே சொன்னான். கருமாதிச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வந்து, வடையைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

பிறகு அவள் சேர்த்துக் கொடுத்த பணத்தைத் தாமதத் தண்டத்தில் கழித்துவிட்டார்கள். தவணை நிலுவையிலேயே நின்றது. மிச்சத் தவணைகளையும் கட்டிக் கடன் தீர்ந்தது என்றிருந்தவளுக்கு, கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்குக் கூரை போட வங்கியில் கடன் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. யார் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று வங்கிகள் பார்க்கிற கிரிப் அறிக்கையில், அவள் பெயருக்கு நேரே நிலுவை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இருந்த தோட்டத்து லய வரிசை வீட்டின் பின்சுவரோ மண் இறங்கி வெடித்து நின்றது. அடுத்த மழைக்கு முன் கூரை வேண்டும்.

பதிவு பிழையென்று கிரிப்புக்கு எழுதிப் போட்டாள். முறைப்பாடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கம்பனிக்குத் திரும்பி, கம்பனியிலிருந்து விசாரிக்க ஆள் வந்தது. வந்தவன் யோகராஜ்.

"நீங்களா தம்பி விசாரிக்க வந்தீங்க?"

"இந்த டிவிசன் என் பொறுப்புதானேக்கா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அந்த ரெண்டு கெழமையும் நீங்க கட்டலன்னுதான் சிஸ்டத்துல இருக்கு."

வாசலில் நின்ற மேர்சி, பெரிய ஐயாவிடம் கேட்பதுபோல் கேட்டுச் சிரித்தாள். "வடை தின்னதும் சிஸ்டத்துல இருக்கா மாத்தயா?"

அவள் பின்னால் குழுப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள்.

"உள்ளத எழுதுங்க," என்றாள் மேர்சி. "இல்லாட்டி வார கெழமையிலேருந்து கூட்டத்துக்கு ஒருத்தியும் வரமாட்டோம்."

வசூல் நின்றால் வேலை நிற்கும். யோகராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினான். விஜயகலா வாங்கி வாசித்தாள். உறுப்பினர் உரிய நாளில் பணம் கொடுத்தார், துக்க வீட்டுச் சனநெரிசலில் வாங்கிப் பதிய மறந்துவிட்டேன், பதிவைத் திருத்தவும் என்றிருந்தது.

"மறந்துட்டீங்களா?"

"வேணான்னு சொன்னேன்னு எழுதினா என்னைத் தூக்கிருவாங்கக்கா. இதுவே போதும். பேரு சுத்தமாயிரும்."

"கையெழுத்து வைக்காத கலா," என்றாள் மேர்சி.

பெயர் சுத்தமாகும்தான். கண்ணீர் காயாமல் அவள் நீட்டிய பணத்தின் முன்னால் இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற நிலை மட்டும் எந்தத் தாளிலும் ஏறாது. விஜயகலா வெடித்த சுவரைப் பார்த்தாள். அவன் நீட்டிய பேனா வியர்வையில் பிசுபிசுத்தது. செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கையெழுத்திட்டாள்.

அவனுக்கு மூச்சு வந்தது. "ஒரு பிளேன்டீ கெடைக்குமாக்கா?"

"தேயில முடிஞ்சிருச்சி தம்பி."

உள்ளே அடுப்பில் தேயிலை கொதிக்கிற வாசம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.