சாய மாஸ்டர் போட்ட கோடு

கர்ப்பப்பையில் புற்று என்றதும் மயிலாத்தாள் அழுதாள். அவள் புருஷன் ஆறுச்சாமி அழவில்லை. அருள்புரம் சாயப்பட்டறையில் மாஸ்டர். மனுஷன் வாயைத் திறந்தால் சாயப் பேச்சுதான். ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்த அன்றைக்கும், ஆஸ்பத்திரிப் போர்வையின் பச்சை இரண்டு தண்ணிக்குத் தாங்காது என்றுதான் சொன்னார். மயிலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செத்தால் கோடித்துணியிலும் இந்த ஆள் சாயம்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கோயமுத்தூரில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அடிவயிற்றில் ஊதா மையால் கோடு போட்டு, இதற்குள்தான் கரண்டு பாய வேண்டும், சோப்புப் போட்டு அழித்துவிடாதே என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவோ சித்திரை வெயில். திருப்பூர் பஸ்ஸில் நின்று வருவதற்குள் வேர்வையில் மை கசிந்தது. குளிக்கப் பயம், குனியப் பயம், தும்மக்கூடப் பயம் அவளுக்கு. கோடு போனால் உயிரும் போய்விடும் என்று ஒரே நடுக்கம்.

கடைசி வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோடு அரைகுறையாகத்தான் தெரிந்தது. உட்கார்ந்து அழுதாள். ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். இதெல்லாம் ஒரு சாயமா என்று ஆஸ்பத்திரியை வைதுவிட்டுப் பட்டறைக்குப் போய், கிண்ணத்தில் கெட்டிச் சிவப்போடு வந்தார். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, விட்டுப்போன இடமெல்லாம் சேர்த்து இழுத்தார். கொதிக்கிற தொட்டியோரம் நடுங்காத அந்தக் கை நடுங்கியது. மயிலாத்தாள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். சிவப்பு ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தது. துடைத்தார்கள், தேய்த்தார்கள், அசைந்தால்தானே? மறுபடி அளந்து ஊதாவில் புதுக்கோடு போட்டு, சிவப்பைப் பார்த்துக் கரண்டு வைத்துவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தார். ஆறுச்சாமி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தலைகுனிந்து அவர் கேட்டது திரைக்குப் பின்னால் படுத்திருந்தவளுக்குக் கேட்டது.

“ஏனுங்க டாக்டரம்மா, அவ பொழச்சுக்குவாளுங்களா?”

“இனி நீங்க சாயம் போடாம இருந்தா பொழச்சுக்குவாங்க” என்றார் டாக்டரம்மா.

கரண்டு முடிந்தது. ஊதாக்கோடு முதல் குளியலிலேயே ஓடிப்போனது. சிவப்பு அப்படியே இருந்தது. ஆறுச்சாமிக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்று சோப்பை நீட்டினார். மயிலாத்தாள் அதை வாங்கி மாடத்தில் வைத்தாள்.

“இருக்கட்டுங்க. உங்க கை நடுங்குனதுக்கு எங்கிட்ட வேற சாட்சி இல்லீங்க.”