பன்னிரண்டு தட்டைக் கோடுகள்

என் சமன்பாட்டின்படி, தோலில் இருக்கும் கால்சியம் அடியில் குறைவாக இருந்து, மேலே போகப் போகக் கூடி, மேல்படலத்துக்குச் சற்றுக் கீழே குன்றாகக் குவிய வேண்டும். மற்ற ஊர்களில் எடுத்த அளவுகளும் அதையே சொல்லின. எங்கள் ஃபெஸ் நகரத்து மருத்துவமனையில் பன்னிரண்டு பேரிடம் கடுகளவு தோல் எடுத்து அளந்தபோது மட்டும், வரைபடத்தில் பன்னிரண்டு கோடுகளும் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தன.

பேராசிரியர் ஸ்கல்லிக்கு ஒரே குஷி. நம் மக்களின் தோலே தனி என்றார். கால்சியம் தோலில் எங்கோ ஒழுகிப் போவதாகச் சமன்பாட்டில் ஒரு கசிவைச் சேர்த்துச் சரிக்கட்டச் சொன்னார். அந்தக் குன்றை இடித்துத் தரைமட்டமாக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஆய்வேட்டைத் தேர்வுக்குழுவின் முன் வைக்க மூன்று வாரம் இருந்தது. நன்றியுரையில் போடுவதற்காக, தோல் எடுக்க உதவிய செவிலி லல்லா ஷாமாவிடம் முழுப் பெயர் கேட்கப் போனேன்.

“என் பேரு எதுக்கு மகளே? ஊசி போட்டதுதான் நான் செஞ்ச வேலை.”

“நீங்க இல்லன்னா அந்தப் பன்னெண்டு பேரும் வந்திருப்பாங்களா?”

“வரச் சொன்னதோட விட்டேனா? டாக்டர் கை வைக்கப் போறாரு, அழுக்கோட வந்து என் மானத்த வாங்காதீங்கன்னு மிரட்டி வெச்சேன். பாவம், அத்தனை பேரும் முந்தின சாயங்காலமே ஹம்மாம் போயி நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வந்தாங்க.”

கையில் இருந்த புதினாத் தேநீரைக் கீழே வைத்தேன். ஹம்மாம் என்றால் எங்கள் ஊர்ப் பொதுக் குளியல்கூடம்: ஒரு மணி நேரம் நீராவி, கறுப்புச் சோப்பு, அப்புறம் முரட்டுக் கையுறையால் தேய்ப்பு. செத்த தோல் திரித்திரியாக உருண்டு வரும். மேல்படலம் போனால் கீழே குவிந்த கால்சியம் எப்படி நிற்கும்? வாரா வாரம் நானும் போகிறவள்தான். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்து, கசிவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேல்படலத்தைத் தேய்ந்ததாக வைத்துக் கணக்கிட்டேன். கோடு தானாகப் படுத்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் என் இரண்டு வருட வேலை பொய் என்று அர்த்தம்; கணக்கை எடுத்துக்கொண்டு ஸ்கல்லியிடம் போனேன்.

ஸ்கல்லி கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“உன்னை யாராவது கேட்டாங்களா, வஹீபா?”

“ஹம்மாம் போனத ஒரு வரி போட்டுடலாம், உஸ்தாத்.”

“தாராளமா போடு. அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்காது. வேற ஆளத் தேடிக்கிட்டு முதல்லேருந்து ஆரம்பி. பழி அந்த நர்ஸம்மா தலையில விழும், அதையும் யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். பயந்தேன். அந்த வரியை எழுதவில்லை.

தேர்வன்று தலைநகர் ரபாத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் என் ஏட்டைத் தட்டிக் காட்டினார். “இந்தக் கசிவுதாம்மா இதுக்கு உயிரே. எப்படித் தோணிச்சு உங்களுக்கு?”

இரண்டாம் வரிசையில் லல்லா ஷாமா புதுக் கஃப்தான் உடுத்தி, பாதாம் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கல்லி தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவுகள்தான் சொல்லிச்சு, மேடம்.”

பார்க்க வந்திருந்த என் அம்மா குலவையிட்டாள். அந்த அம்மையார் அங்கேயே எனக்கு வேலையும் கொடுத்தார். ரபாத்தில் ஐந்து வருடம், தனி அறை. அந்தக் கசிவு தோலில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மறுக்க என்ன காரணம் சொல்வது? சரி என்றேன்.

இப்போது கதவில் என் பெயர் இருக்கிறது. இல்லாத ஓட்டையைத் தேடி உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் இங்குள்ள மருத்துவமனைச் செவிலி போன் செய்தார்.

“நாளைக்குத் தோல் குடுக்க வர்றவங்ககிட்ட ஏதாச்சும் சொல்லணுமா, டாக்டர்?”

தேய்க்காமல் வந்தால் அந்தக் குன்று மறுபடி எழுந்துவிடும்.

“ஹம்மாம் போயிட்டு வரச் சொல்லுங்க,” என்றேன். “நல்லா தேச்சு.”