காளிமுத்து கழற்றிய மஞ்சள் பல்ப்

விமலநாதனின் காரிலிருந்த மஞ்சள் விளக்கு என்ஜின் கோளாறுக்கு எரிவதில்லை. கண்டியில் தமிழரைச் சுற்றிவளைத்துப் பிடிக்கும் நாட்களில் மட்டும் எரிந்தது. தொண்ணூற்றாறில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். மஹய்யாவ கராஜ்காரர் காளிமுத்து, பிளக்கைத் துடைத்துக் காபரேட்டரைத் திருகியே பழகியவர், விளக்கு முதல்தரம் எரிந்த அன்று பானட்டைத் திறந்ததும் திகைத்துப்போனார். "இதில திருக ஒண்ணுமே இல்லைங்கம்மா, எல்லாத்தையும் கம்பியூட்டரே பாத்துக்குது" என்றார் விமலநாதனின் மனைவி லீலாதேவியிடம். கோளாறு பார்க்கும் கருவியை இரவல் வாங்கிவந்து செருகினார். ஒரு குறையும் இல்லை என்று அது அடித்துச் சொன்னது. அன்று பிற்பகலே பேராதனை வீதியில் பொலிசார் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு அம்பிட்டிய வீட்டில் லீலாதேவி, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுமுன் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவாள். திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருதரம் மின்னி அடங்கும். மஞ்சள் மட்டும் அடங்காவிட்டால் கணவருக்கு அன்று காய்ச்சல் என்று அவர் வேலை பார்க்கும் கந்தோருக்குச் சொல்லி அனுப்புவாள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வருடம் அந்த விளக்கு அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது.

நகரில் குண்டு வெடித்த தை மாதத்தோடு விளக்கு அடங்கவே மறுத்துவிட்டது. என்ன மனுசன் இது, எந்நேரமும் காய்ச்சலா என்று கந்தோரில் சிரித்தார்கள். மானம் போகிறதே என்று விமலநாதன் மனைவிக்குத் தெரியாமல் கராஜுக்குப் போனார். கோளாறு தெரியாதிருக்கப் பழைய கார் விற்கிறவர்கள் செய்விக்கும் வேலைதான். காளிமுத்து பல்பைக் கழற்றினார். அது அவர் உள்ளங்கையில் கிடந்து எரிந்தது.

"ஐயா, வயர் இல்லாமலே எரியுது, பாருங்க."

"ஓம், தெரியுது. அவளுக்குச் சொல்லாதேங்கோ. எத்தனை நாளைக்கு ஒளிச்சிருக்கிறது?"

மறுநாள் லீலாதேவி சாவியைத் திருப்பினாள். மஞ்சள் இல்லை. "அப்பாடா, இண்டைக்கு எரியேல்லை. போட்டு வாங்கோ" என்று வாசல்வரை வந்து அனுப்பினாள். பின்னேரம் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் கார் மட்டும் கதவு திறந்தபடி நின்றது.

காளிமுத்து பால்மா டின்னில் பல்பைக் கொண்டுவந்து அழுதார். அவள் அவரை ஏசவில்லை. "மற்ற விளக்கெல்லாம் மின்னினது, அது மின்னவே இல்லை. நான் பாராமல் விட்டிட்டனே" என்று தலையிலடித்துக்கொண்டாள்.

பல்ப் சாப்பாட்டு மேசையில் ஆண்டுக்கணக்காய் எரிந்தது. யுத்தம் முடிந்ததென்று தெருவெல்லாம் வெடி கொளுத்திய நாளில் அணையும் என்று பார்த்திருந்தாள். அணையவில்லை. அன்று சுகம் விசாரிக்க வந்து, புறப்படச் செருப்பை மாட்டிய காளிமுத்துவை, "இண்டைக்கு இங்கையே நில்லுங்கோ" என்று மறித்துச் சோறு போட்டாள். அவரும் மேசையில் எரிந்த பல்பைப் பார்த்துவிட்டு, ஏனென்று கேட்காமல் செருப்பைக் கழற்றினார்.